மூணாவது சரணம்

மூணு பேர் பாடின பாட்டை ஒரே ஆள் பாடி அனுப்பியிருக்கிறான். அனுப்பினவன் சும்மா இருந்தானா, இதை நீங்களே சகாயண்ணன்கிட்டச் சொல்லிருங்க்கா, நீங்க சொன்னாக் கேட்டுக்குவாரு என்று காலையில் போன் வேறு, எட்டு மணிக்கு, நான் வாயில் பல்பொடியோடு நிற்கும்போது. சரி சாமி என்றுவிட்டேன். பல்பொடி இருந்ததால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன், ஆனால் துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். துப்பவில்லை. இதோ கிணத்துக்கடவில் பஸ் ஏறி, டிரைவருக்குப் பின்னால் மூணாவது சீட்டில், வெயில் அடிக்கிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, காதில் ஒயரை மாட்டி நாலாவது தடவையாகக் கேட்கிறேன். ரகுநந்தன் ஆரம்பிக்கிறான். நல்லாத்தான் ஆரம்பிக்கிறான், அவன் எப்பவும் நல்லாத்தான் ஆரம்பிப்பான். முதல் சரணம் அவனுடையது, அதில் எனக்குப் பேச்சில்லை. ரெண்டாவது சரணம் ஷமீமா பாடுவது, அங்கேயும் ரகு. மூணாவது சரணம் சகாயராஜ் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுவது, அங்கேயும் ரகு. கடைசியில் மூணு பேரும் சேர்ந்து கத்துகிற இடத்தில் மூணு ரகு. ஒருத்தனே மூணு தடவை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறான், கண்ணாடிக்கு எதிரில் கண்ணாடி வைத்தால் ஒரே மூஞ்சி வரிசையாகத் தெரியுமே, அந்த மாதிரி. வெள்ளிக்கிழமை இது வெளியே வருகிறது. ஷமீமாவிடம் சொல்லியாச்சாம், அவள் சரி என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டாளாம். சகாயத்துக்குத்தான் தெரியாது. அவன் குறிச்சி சிட்கோவில் லேத் பட்டறையில் நின்றுகொண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரையும் உட்கார வைத்து என் பாட்டைப் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். முதலாளி அதற்காகப் புது ஸ்பீக்கர்கூட வாங்கி வந்துவிட்டாராம். அந்த ஸ்பீக்கரில் ரகு பாடுவான், இவன் சாப்பாட்டுக் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். அதைத் தடுக்கத்தான் போகிறேன். போய்ச் சொன்னாலும் அதே அடிதான். வெள்ளிக்கிழமை விழுகிறது திங்கட்கிழமையே விழும், அவ்வளவுதான். அதை நான் போடவேண்டும்.

இவர்களுக்குப் பேர் இடிதாங்கி. ராக் பேண்டு. அப்படிச் சொன்னால் எங்கள் தேங்காய்க் களத்தில் இருக்கிற பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், அந்த இடி சத்தமா மாராத்தாக்கா, அதுக்கா தலையை ஆட்டறீங்க என்று. சத்தமாம். இந்தப் பொம்பளைகள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு மூணு நாள் குழாய் கட்டி அலற விட்டால் அது சத்தமில்லை. தேங்காய் மட்டை உரிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஆறு வருஷமாக நிற்கிறவள் சொல்கிறாள், சத்தம் என்று. எனக்குப் படிப்பில்லை, பேப்பரில் தலைப்பை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கீழே இருக்கிற பொடி எழுத்து எனக்கு எறும்புதான். ஆனால் காது இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் தேங்காயைத் தட்டிப் பார்த்துப் பிரித்த காது. ஒன்றோடொன்று மோதினால் போதும், உள்ளே தண்ணி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எங்கே கண் அழுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன், கண்ணை மூடிக்கொண்டு. அந்தக் காதோடுதான் கேட்டேன் இவர்களை. கோயம்புத்தூரில் எங்கே வாசித்தாலும் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள் என்று எங்கள் முதலாளி மகனைப் பிடித்து, களத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த குடோனை ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். முதல் வாரம் கிணத்து மோட்டார்தான் கோளாறாகிவிட்டது என்று ஓடினேன். ரெண்டாவது வாரம் எரிச்சலாக இருந்தது. மூணாவது வாரம், ரெண்டு கையிலும் ரெண்டு தேங்காயை வைத்துக்கொண்டு தட்டப் போனவள் தட்டாமல் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு பிள்ளை பாடிக்கொண்டு இருந்தாள். பாடினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பாத்திரம் கழுவிக்கொண்டு தனக்குத்தானே யாரையோ திட்டிக்கொள்வோமே, உதடு மட்டும் அசையும், அப்படி ஒரு குரல். பொம்பளைக் குரல் இவ்வளவு கீழே இறங்குமா என்று எனக்கு ஆச்சரியம். சினிமாவில் எல்லாப் பொம்பளையும் கூரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதானே பாடுகிறார்கள், இவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நீ கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ என்கிற பாட்டு. ஒவ்வொரு வரி முடிவிலும் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவாள், நாம்தான் அதை மனசுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அவள்தான் ஷமீமா, பேஸ் கிட்டார் வாசிக்கிறவள், வாரத்தில் ஆறு நாள் பேங்கில் வேலை. அன்றிலிருந்து ஞாயித்துக்கிழமை லீவு போடுகிற பழக்கம் எனக்கு நின்றுபோனது. முதலாளியே கேட்டார், என்ன மாராத்தா, ஞாயித்துக்கிழமையும் வந்து நிக்கறே, ஊட்ல ஆரும் ஒறம்பரை வர்றதில்லையா என்று. வருகிறவர்கள் வரட்டும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, பச்சைச் சேலை, மடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற தூக்குவாளி. நான் தலையை ஆட்டுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னுங், பாட்டுங்களா என்றாள். ஆமாங் என்றேன். சாமிப் பாட்டுங்களா. இல்லைங். சினிமாங்களா. அதுவும் இல்லைங். அப்ப வேற என்னங் பாட்டு இருக்குது என்றாள், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். ஒரு காது ஒயரைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் அதைச் சேலையில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள், துடைத்தது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, நான் காது கழுவாதவளா. ஒத்தக்கால்மண்டபம் தாண்டுகிறவரைக்கும் கேட்டாள். பையன் நல்லாத்தானுங் பாடறான் என்றாள். மூணு பேர் பாடற பாட்டுங்க இது என்றேன். ஒருத்தரு பாடறாப்பலதான இருக்குதுங். அதுதானுங்க சண்டையே. அவள் கொஞ்சம் யோசித்தாள். நல்லாப் பாடறவனையே பாட விட்டா நல்லதுதானுங், எங்கூட்ல மூணு மருமகளும் ஒண்ணாச் சமையக்கட்டுக்குள்ள போனா அன்னைக்கு மத்தியானச் சோறு பொழுது சாஞ்சுதான் வருது. மூணு பேரு சமைச்சா மூணு ருசி கெடைக்குமல்லங் என்றேன். ருசியா, நீங்க ஒருநா வந்து தின்னு பாருங், அப்புறஞ் சொல்லுங் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தில் இருக்கும்போது சிரிப்பு வந்தால் அது வேறு கோபம். அவள் ஒயரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, ஆரு நல்லாப் பாடறாங்கன்னு வெவரம் தெரிஞ்சவுங்க ஆராச்சும் பாத்துச் சொல்லியிருப்பாங்கல்லங், நமக்கென்ன தெரியும் என்றாள். சொல்லிவிட்டுத் தூக்குவாளி மூடியை அழுத்திவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெவரம் தெரிஞ்சவுங்க. ஆராச்சும். காது மடல் சூடாகிவிட்டது, வெயில்தான், வெயில் பக்கம்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

விவரம் தெரிந்தவன், இவர்கள் பாட்டை வெளியே விடுகிற அந்தக் கம்பெனிக்காரன். கூலிங் கிளாசைத் தலைமேல் மாட்டிக்கொண்டு வந்தானே, கண்ணில் போடுகிறதைத் தலையில் போட்டவன், அவன் காதை எங்கே போட்டிருப்பான். தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மெட்ராசிலிருந்து வந்தான். குடோனில் ரெண்டு மணி நேரம் கேட்டான். அப்புறம் வெளியே வந்து சாக்குமேல் உட்கார்ந்துகொண்டு இளநீர் குடித்தான். அப்போது என்னிடம் என்னமோ கேட்டான். சரி அது கிடக்கட்டும். ஒரு பேண்டுக்கு ஒரு குரல்தான் இருக்கணும், ஒரு முகம், ஒரு குரல், அப்பத்தான் ஜனங்க மனசுல நிக்கும் என்று ரகுவிடம் சொன்னானாம், காலையில் ரகு அதையே எனக்கு ஒப்பித்தான். ஏன் நிக்காது. எங்கள் வீதியில் நாற்பது வீடு இருக்கிறது, நாற்பது பொம்பளையும் இருமினால்கூட இது யார் என்று எனக்குத் தெரியும். ஜனங்களுக்கு மூணு குரல் ஞாபகம் இருக்காதாம். அவர்களுக்கு அவ்வளவு சின்ன மனசு என்று இவனுக்கு யார் சொன்னது. ரகுவைச் சொல்ல வேண்டும். அவன் குரல் சவரம் பண்ணின முகம் மாதிரி, எங்கே தடவினாலும் வழுவழு. மேலே போகும், போய் அங்கேயே நிற்கும், ஆடாது. அதைக் கேட்டால் எனக்கும்தான் சந்தோஷம், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது தனியாக நின்றால் எனக்கு ஐந்து நிமிஷத்தில் கொட்டாவி வருகிறது. அவன் மேலே போய் நிற்கிற அந்த இடத்தில் கீழே ஷமீமா ஒரு வார்த்தையைப் போடுவாள், சும்மா ஒரு வார்த்தை, அப்போதுதான் அவன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்றே தெரியும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பாடியிருக்கிறான் மூணையும். ஏன் கண்ணு, அவுங்களையே பாடச் சொல்லலாமல்ல என்று போனில் கேட்டேனா நான். கேட்கவில்லை. சரி சாமி என்றேன்.

அந்தப் பாட்டுக்குப் பேர் கணவாய். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாசம் காத்து வந்து ஊரையே பிடுங்கிக்கொண்டு போகுமே, அந்தக் காத்தைப் பற்றி. முதல் சரணம் காத்து வருகிறது, ரெண்டாவது சரணம் காத்து வீட்டுக்குள் நுழைகிறது, மூணாவது சரணம் சகாயம் எழுதினது. அவன் வீடு போத்தனூரில் தகரம் போட்ட வீடு. போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் பட்டப்பகலில் கூரை பறந்துபோய் ரெண்டு வீதி தள்ளி ஒரு கார்மேல் விழுந்தது. வீட்டுக்காரியும் மகளும் சுவர் ஓரத்தில் நின்றதால் பிழைத்தார்கள். அவன் பட்டறையிலிருந்து ஓடிவந்து பார்த்தால் சுவர் இருக்கிறது, கட்டிலும் இருக்கிறது, மேலே வானம். அப்போது ஒரு கேள்வி தோணுச்சுக்கா என்று சொல்லி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு என்னிடம்தான் முதலில் பாடினான். கூரையை எடுத்துக்கிட்டே காத்தே, ஆணியை எதுக்கு விட்டுட்டுப் போனே. ரெண்டே வரி. அதையே நாலு தடவை பாடுவான், அவ்வளவுதான் சரணம். அவன் குரலை எப்படிச் சொல்வேன். ஜல்லி கொட்டுகிற லாரி பின்பக்கத்தைத் தூக்கினால் முதலில் கொஞ்சம் கொட்டும், அப்புறம் தயங்கும், அப்புறம் மொத்தமாகச் சரியும், அப்படி. கையும் காலும் டிரம்சில் இருப்பதால் மூச்சுக்கு அவனிடம் நேரமே கிடையாது. அடி விழுகிற இடைவெளியில் எங்கே கிடைக்கிறதோ அங்கே மூச்சை எடுப்பான். அதனால் காத்தே என்கிற வார்த்தை எப்பவும் ஒரு இம்மி தாமதமாக வரும். கூரை போனப்புறம் வருகிற ஆள் மாதிரி. அந்த இம்மிக்காகத்தான் நான் காத்துக்கொண்டு இருப்பேன். நாலாவது தடவை பாடும்போது ஆணியை என்கிற இடத்தில் குரல் உடைந்துவிடும், ஒவ்வொரு வாரமும் அதே இடம், அவன் அதைச் சரி பண்ணவே மாட்டான். ரகு பாடியிருப்பதில் உடையவில்லை. ரகு அந்த ஆணியை அழகாகச் சுற்றிக்கொண்டு போகிறான். உனக்கென்னடா, உங்கள் வீடு கான்கிரீட் வீடு. இது அநியாயம், அந்தப் பையன் வீடு எப்படி இருந்தால் எனக்கென்ன, அவன் கெட்டவன் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இந்தப் போனை வாங்கிக்கொண்டு வந்து, படத்தைப் பார்த்து அமுக்கக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

ஈச்சனாரியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ கல்யாணக் கூட்டம் கோயிலுக்குள் திரும்புகிறது, நூறு வண்டி. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, பொண்ணு மாப்ள உள்ள போயாச்சுங், ஒறம்பரை சனந்தான் போட்டோ எடுத்துட்டு நிக்கறாங் என்று அலுத்துக்கொண்டு ஏறினார். பஸ் ஓடும்போது நினைப்பும் கூடவே ஓடிவிடுகிறது, நின்றால் அதுவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கம்பெனிக்காரன் என்ன கேட்டான். தெரியும் எனக்கு. காலையிலிருந்து தெரியும், பாட்டு வந்த நேற்று சாயந்திரத்திலிருந்தே தெரியும். இளநீரை வைத்துவிட்டுக் கேட்டான், அம்மா, நீங்கதான் இவங்களுக்கு முதல் ரசிகைன்னு ரகு சொன்னாரு, உங்க காதுக்குத் தப்பாதாமே, மூணு வாய்ஸ்ல எது பெஸ்ட் என்று. சுற்றிலும் எங்கள் பொம்பளைகள். ரகு பக்கத்தில் நிற்கிறான், ஷமீமா ஸ்கூட்டருக்குச் சாவி தேடிக்கொண்டு இருக்கிறாள். மெட்ராஸ்காரன் ஒருத்தன் என் காதை மதித்துக் கேட்கிறான். எனக்கு அப்போது எப்படி இருந்தது என்றால், எங்கள் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எதிரில் மூணு குவியல் கிடந்தது. முதல் குவியல் ஓட்டலுக்கு, ரெண்டாவது சந்தைக்கு, மூணாவது எண்ணெய் ஆட்டுகிறவனுக்கு. கையில் ஒரு காய் இருந்தது. அந்தக் காயாலேயே காட்டினேன். ரகு இங்க, ஷமீமா அங்க, சகாயம் எண்ணெய்க்குத்தானுங்க ஆவான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான், அடடா சூப்பர்மா என்று போனில் என்னமோ தட்டிக்கொண்டான். நானும் சிரித்தேன். எல்லாரையும்விட ஒரு நொடி கூடுதலாகவே சிரித்தேன், அது இப்போது காதில் கேட்கிறது, என் சிரிப்பு, அதைத் தட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

கைப்பழக்கம் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், நேற்று ராத்திரி பூராவும் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். யார் எதைக் கேட்டாலும் மூணாகப் பிரித்துப் போடுகிற கை, போட்டுவிட்டது. ஆனால் எனக்குத் தெரியாதா, ஓட்டலுக்குப் போகிற காயைச் செக்கில் போட்டால் பிண்ணாக்குதான் மிஞ்சும், எண்ணெய் ஆட்டுகிறவன் தண்ணி வத்தின அந்த மூணாவது குவியலைத்தான் ஆசையாக மோந்து பார்த்து வாங்குவான் என்று. இதை அந்த ஆளிடம் சொன்னேனா. அவன் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லோடு ஏற்றுகிறதுக்குத்தான் பிரிக்க வேண்டும், பாட்டு லோடா. மூணு பேரும் சேர்ந்து கத்துகிற அந்தக் கடைசி இடத்தில் நான் ஒரு நாளாவது இது யார் முதல், இது யார் ரெண்டாவது என்று கேட்டிருக்கிறேனா. கேட்கத் தோணாது. குடோன் தகரம் அதிரும், எனக்குத் தலைமுடியெல்லாம் நிற்கும், அவ்வளவுதான். இத்தனை நாள் அப்படிக் கேட்டுவிட்டு, ஒரு இளநீர் குடிக்கிற நேரத்தில் பிரித்துப் போட்டுவிட்டேன். காலையிலிருந்து நான் யாரைத் திட்டிக்கொண்டு வருகிறேன். கூலிங் கிளாஸ், ரகு, எங்கள் பொம்பளைகள், சினிமா, பாவம் இந்தப் பச்சைச் சேலைக்காரியைக்கூட விடவில்லை. பல்பொடியைச் சொன்னேன். ரகு என்னிடம் ஏன் இந்த வேலையைக் கொடுத்தான் என்று இப்போது புரிகிறது, அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, நீங்கதானக்கா சொன்னீங்க என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்று சகாயம் அங்கே இல்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அவன் குடோனுக்குள் டிரம்சைக் கழற்றிக்கொண்டு இருந்தான். அவனுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், கம்பெனிக்காரன் முடிவு பண்ணிட்டான் கண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பஸ் நகர்ந்தது. அப்படித்தான் சொல்வது என்று முடிவு பண்ணிவிட்டேன், சிட்கோ ஸ்டாப் வருகிற வரைக்கும் அந்த முடிவு இருந்தது.

பட்டறையில் மிஷினை நிறுத்திச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அட, அக்கா, சிட்கோவுக்கே வந்துட்டீங்களா, தேங்கா ஏதாச்சும் கடத்தறீங்களா என்று சகாயம் எழுந்தான். நாற்பத்திரண்டு வயசு, தலையில் பாதி நரை, சட்டையெல்லாம் இரும்புத்தூள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவனிடம், டேய் பிரான்சிசு, நான் சொல்லுவனல்ல, எங்க பேண்டுக்கு ஐகோர்ட்டு, அவங்கதான் இவங்க என்றான். ஐகோர்ட்டா, அப்ப இந்தத் தக்காளிச் சோத்துக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கம்மா, இவன் சம்சாரம் உப்பே போடல என்றான் பிரான்சிஸ். அலமாரிமேல் அந்த ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் இருந்தது, நூலால் கட்டி, பிரிக்காமல். நான் அதைப் பார்த்ததை அவன் பார்த்தான். வெளியே வா கண்ணு என்றேன். பட்டறைத் தகரச் சுவர் ஓரமாக வேப்பமரத்தடிக்கு வந்தோம். சொல்லிவிட்டேன். ரெண்டாவது சரணமும் ரகு, மூணாவதும் ரகு, வெள்ளிக்கிழமை அப்படித்தான் வருது என்றேன். அவன் கையில் இருந்த உருண்டையை வாயில் போட்டு மென்றான். முழுங்கினப்புறம் கேட்டான். நல்லாப் பாடியிருக்கானாக்கா. நல்லாத்தான் பாடியிருக்கான். அப்பச் சரி என்றான். அந்த அப்பச் சரியில் நான் பண்ணி வைத்திருந்த முடிவெல்லாம் போய்விட்டது. சரியில்லை சகாயம், அந்த ஆளு எங்கிட்டத்தான் கேட்டான், நான்தான் உன்னை எண்ணெய்க் குவியல்ல போட்டேன், எல்லாரும் சிரிக்க, நானும் சிரிச்சேன் என்றேன்.

கேட்டுச்சுங்க்கா என்றான். சிம்பலைக் கழட்டிட்டு இருந்தேன், கதவு தொறந்துதான கெடந்துச்சு. கேட்டுட்டாடா மூணு மாசமாப் பேசாம இருந்தே என்றேன். பேச என்ன இருக்குதுங்க்கா, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன், என்னோட காதைவிட உங்க காது பெருசு. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ரெக்கார்டிங்குக்குப் பத்து நாள் முன்னாடியே பனங்கல்கண்டு, வெந்நி, எல்லாம் பண்ணினேன், கரகரப்புப் போவட்டும்னு. அங்க போனா டிரம்ஸ் தனியா எடுத்தாச்சு, ஸ்டூல்ல உக்காருங்க, பாட்டு மட்டும் பாடுங்கன்னாங்க. கைய எங்க வெக்கறதுன்னே தெரியல. ரகு மாதிரி மெலிசாப் பாடிப் பாத்தேன். இன்னொருக்கா, இன்னொருக்கான்னு பதினோரு தடவை எடுத்தாங்க. போட்டுக் காட்டினப்ப ஆரோ ஒருத்தன் எஞ்சட்டையப் போட்டுட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு. மிக்சிங்ல சரியாயிரும்ணான்னு ரகு சொன்னான். நானும் சரியாயிரும்னு இருந்துட்டேன் என்று சிரித்தான். எனக்கு அந்த மரத்தையே பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம், யார்மேல் எறிவது, அங்கே நான்தான் நிற்கிறேன். ஆணி உடையுமேடா அந்த இடத்துல, அது உடைஞ்சுதா என்று கேட்டேன். உடையாமப் பாடிட்டனுங்க்கா என்றான், ஏதோ பரீட்சையில் பாஸ் பண்ணின மாதிரி. இப்பப் பாடு என்றேன். இங்கயா. இங்கதான், அந்தத் தகரத்தைத் தட்டிட்டுப் பாடு, மூணாவது சரணம் மட்டும். அவன் நிஜமாகவே முயற்சி பண்ணினான். கையைத் தகரத்தின்மேல் வைத்தான், ரெண்டு அடி அடித்தான், வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்தான், மூடிவிட்டான். கோச்சுக்காதீங்க்கா, நீங்க நிக்கறப்ப எந்தக் குவியல்ல போடுவீங்கன்னுதான் நெனப்புப் போவுது என்றான்.

ஸ்டாப்பு பட்டறைக்கு நேர் எதிரிலேயே இருக்கிறது. அங்கே போய் நின்று ரகுவைப் போனில் கூப்பிட்டேன். சொல்லிட்டீங்களாக்கா என்றான். சொல்லிட்டேன், இப்ப நீ கேளு என்றேன். சாயந்திரம் பாட்டு எடுக்கற மிஷினைத் தூக்கிக்கிட்டுக் குடோனுக்குப் போ, சாவி முதலாளி மகன்கிட்ட இருக்குது. டிரம்ஸைச் சகாயத்து முன்னாடி வை, அடிச்சுக்கிட்டே பாடட்டும், ஸ்டூல் கீல் வேண்டாம். ஷமீமா ஊட்டுக்கு நேரப் போயி அவளையும் கூட்டிக்கோ, போன் பண்ணினா எடுக்க மாட்டா. அக்கா, கம்பெனில என்ன சொல்லுவாங்கன்னா என்று இழுத்தான். கம்பெனிக்காரன் என்னோட பேச்சக் கேட்டுத்தான எழுதிக்கிட்டான், அந்தக் கெழவி அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டான்னு இன்னைக்கு எழுதிக்கச் சொல்லு, ஒத்துக்கலீன்னா உன் ஒருத்தன் பேரப் போட்டு விட்டுக்கோ, இடிதாங்கின்னு போடாதே. மூச்சு மட்டும் கேட்டது, அவன் மூச்சுகூட வழுவழுதான். சரிங்க்கா, போறேன் என்றான். அப்புறம், நீங்களும் வந்துருங்க்கா, நீங்க கேட்டு ஒரு வார்த்த சொன்னாத்தான் எனக்குத் தெம்பு என்றான். நான் வரல சாமி என்றேன். இன்னிக்கு வேண்டாம்னா ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமையும் இனிமே எனக்கு லீவு. ஏங்க்கா, எங்க மேல கோவமா. உங்க மேல இல்ல கண்ணு, எடுத்ததுக்கப்புறம் நல்லா வந்துச்சா இல்லையான்னு எங்கிட்டக் கேக்காதீங்க, சகாயத்துகிட்டயும் நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லாதே, நான் ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லு. போனை வைத்துவிட்டேன். படத்தைப் பார்த்துச் சரியாகத்தான் அமுக்கினேன்.

பட்டறையில் மறுபடி மிஷின் ஓட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரம் அவன் வேப்பமரத்தடியில்தான் நிற்பான். தகரம் கைக்கு எட்டுகிற தூரம். நான் போய்விட்டேன் என்று நினைத்து ஒருவேளை அவன் வாயைத் திறக்கலாம், அந்த ஸ்டாப்பில் நின்றால் லாரி போனாலும் பஸ் போனாலும் என் காதில் விழுந்துவிடும். விழுந்தால் இது கேட்டுவிடும், கேட்டால் எடை போடும், எனக்குத் தெரியும் என் காதை. பொள்ளாச்சி பஸ் ஒன்று வந்து நின்றது, ஏறவில்லை, அது கூட்டத்தை ஏற்றி முடிக்கிறதுக்குள் அவன் ஒரு வரி பாடிவிடுவான். முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பைப் பார்த்து வெயிலில் நடக்க ஆரம்பித்தேன், வேகமாக.